நூற்றுக்கு நூற்றிரண்டு

இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது அல்ல. பீவர்ட்டன் ஊரில் பெய்கிற மழைமேல் ஆணை; அந்த மழையில் குடையில்லாமல் வழுக்கையான தலைகள் அத்தனையின்மேலும் ஆணை. நடந்தது நடந்தபடியே சொல்லப்படுகிறது. சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே எழுந்துபோய்விடலாம், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

லோவெல் ஹாஸ்கெட்டுக்கு இரண்டு வேலைகள். ஒன்று கவலைப்படுவது, மற்றொன்று கேபிள் சோதிப்பது. சம்பளம் இரண்டாவதற்கு மட்டும்தான். வீட்டை விட்டுக் கிளம்பினால் பாதி வழியில் அடுப்பு நினைவுக்கு வந்து திரும்புவார். அடுப்பு அணைந்தே இருக்கும். இத்தனை வருஷமாக ஒருநாள்கூட மறக்காத மனிதன் என்றைக்காவது மறந்துதானே தீர வேண்டும், அந்த நாள் நெருங்கிவிட்டது என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு மறுபடி கிளம்புவார்.

அவருடைய நிரந்தரக் கவலை லேபுக்கு எதிரே நின்ற ஃபிர் என்கிற ஊசியிலை மரம். தெருவின் மின்கம்பிகள் பக்கமாக, குடித்தவன் கூட்டாளியின் தோளைத் தேடுகிற மாதிரி சாய்ந்து நிற்கும். "அது விழும்" என்பார் லோவெல், காலை வணக்கத்துக்குப் பதிலாக. நகர அலுவலகத்துக்கு வாரம் தவறாமல் போன் செய்வார். அவர்களும் வாரம் தவறாமல் "விழுந்ததும் சொல்லுங்க சார்" என்பார்கள்.

த்ரீ க்ரீக்ஸ் லேப் என்பது அவர் வேலைபார்த்த இடத்தின் பெயர். டிவிக்கும் அதற்குப் படம் அனுப்புகிற பெட்டிக்கும் நடுவே ஓடுமே, அந்த ஹெச்டிஎம்ஐ கேபிள், அதைச் சோதித்து மதிப்பெண் போடுகிற லேப். முதலாளி இனெஸ் பேட்ஜெட் என்ற அம்மாள். லோவெலுக்குத் துணையாக துவான் என்ற எஞ்சினீயர். லோவெல் கவலைப்படுகிற அளவுக்கு அவன் சிரித்துக்கொண்டிருப்பதால் சராசரியில் லேப் சமநிலையாக இருந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கேபிளுக்குள் படம் போவதில்லை. ஒன்றும் சுழியும்தான் போகின்றன. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் வரும். சேராவிட்டால் திரையில் பனி தூவும், இல்லையென்றால் கறுப்பு. "இந்தக் கேபிளில் இன்னும் கொஞ்சம் அழகாகத் தெரிகிறது" என்று ஒன்று உலகத்தில் கிடையாது. லேபில் எல்லோருக்கும் இது தெரியும். வெளியே சொன்னால் ஆட்கள் அடிக்க வருவார்கள்.

பிறகு எதற்கு மதிப்பெண்? ஒன்றும் சுழியும் எவ்வளவு சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்கின்றன என்பதற்கு. கருவியின் திரையில் அந்தத் துடிப்புகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தால் ஒரு கண் மாதிரி தெரியும். நல்ல கேபிளென்றால் அகல விழித்த கண். மோசமான கேபிளென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய கண். எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண்.

எதை வைத்து ஒப்பிடுவது? அதற்கு லேபில் ஒரு மூலக் கேபிள் இருந்தது. எல்லோரும் அதை "ஜட்ஜ்" என்றுதான் கூப்பிட்டார்கள். இஞ்சி பிஸ்கட் வந்த ஒரு தகர டப்பாவில், துணி சுற்றி வைத்திருப்பார்கள். காலையில் முதல் வேலையாக ஜட்ஜைக் கருவியில் மாட்டி, "இதுதான் நூறு" என்று கருவிக்குச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் வருகிற கேபிள்களெல்லாம் அந்த நூறுக்குக் கீழே எங்கேயாவது போய் உட்காரும்.

சோதனைக்கு வருகிற கேபிள்களின் கம்பெனிப் பெயர் சோதிப்பவர் கண்ணில் படக்கூடாது என்று, முனைகளில் கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார்கள். ஒரு தடவை லேபைப் பார்க்க வந்த ஒருவன் ஜட்ஜின் மேலிருந்த பெயரைப் படித்துவிட்டு ஊரெல்லாம் விளம்பரம் செய்ததிலிருந்து, ஜட்ஜுக்கும் கறுப்பு டேப். அடையாளம் வேண்டுமே என்று, டேப்புக்கு அடியில் உலோகத்தில் "100" என்று செதுக்கி வைத்தாள் இனெஸ். சோதனை நடக்கிற காலத்தில் எந்த டேப்பையும் தணிக்கைக்கு வருகிறவர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். முன்னதாகப் பிரித்தால், ஆளைப் பார்த்து மார்க் போட்டதாக அர்த்தம். லேபின் அங்கீகார முத்திரை போய்விடும். முத்திரை போன லேப் என்பது, உள்ளே நல்ல சாமான்கள் கிடக்கிற கொட்டகை.

இனி திங்கட்கிழமைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேய்க்காற்று. திங்கள் காலையில் தெருவெல்லாம் கிளைகள் கிடந்ததால் லோவெல் சுற்றுவழியில்தான் லேபுக்கு வந்துசேர்ந்தார். உள்ளே குளிர் தாங்காமல் இனெஸ் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். துவான் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தான்.

லோவெல் டப்பாவைத் திறந்து ஜட்ஜை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்றைக்குச் சோதிக்க வேண்டிய கேபிளையும் எடுத்து, அதன் குறிச்சீட்டைக் கழற்றி மேசையில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்பு, ஒரே மாதிரிச் சுருள். அந்த நேரம் பார்த்து, வாசல் கதவைச் சாத்தினோமா என்று ஒரு எண்ணம் வந்தது. போய்ப் பார்த்தார். சாத்தியிருந்தது. திரும்பி வந்து ஒன்றை ஜட்ஜ் என்று மாட்டினார், அப்புறம் மற்றதைக் கேபிள் என்று மாட்டினார், சோதனையை ஓடவிட்டுவிட்டு முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தார்.

இரண்டாவது கடியில் திரையைப் பார்த்தவருக்கு மூன்றாவது கடி இறங்கவில்லை.

கண் திறந்திருந்தது. கேபிள்களின் கண் இப்படித் திறந்து அவர் பார்த்ததில்லை. ராத்திரி ஜன்னலில் திருடன் முகத்தைப் பார்த்தவன் விழிக்கிற மாதிரி, இமையே இல்லாமல் விழித்துக்கொண்டிருந்தது.

"துவான், கொஞ்சம் இங்க வா."

"என்ன, மரம் விழுந்துடுச்சா?"

"மரம் கெடக்கட்டும். இந்த நம்பரப் படி."

"நூத்தி ரெண்டு."

"எத்தனைக்கு?"

"நூத்துக்கு." துவான் காபியைக் கீழே வைத்தான். "அட, நல்லாப் படிக்கிற பிள்ளையா இருக்கேப்பா!"

"சிரிக்காத. நூத்துக்கு மேல எப்படி வரும்?"

"நீ என்ன பண்ணினியோ? எத எங்க மாட்டின?"

"ஜட்ஜ ஜட்ஜ் எடத்துலதான் மாட்டினேன்." லோவெலின் குரல் அந்த வாக்கியத்தின் முடிவிலேயே மெலிந்துவிட்டது. "மாட்டினேன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"கதவு சாத்தியிருக்கான்னு பாக்கப் போனேன்..."

துவான் சிரிப்பை நிறுத்தினான். துவான் சிரிப்பை நிறுத்தினால் நிலைமை மோசம் என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு எளிமையானது. மேசையில் இருக்கிற இரண்டு கேபிள்களில் ஒன்று மற்றதைவிட ஒசத்தி. ஒசத்தியானது வந்த கேபிள் என்றால், இது உலக அதிசயம். ஒசத்தியானது ஜட்ஜ் என்றால், லோவெல் இடம் மாற்றி மாட்டிவிட்டார். ஜட்ஜுக்கே மார்க் போட்டுவிட்டார். இரண்டையும் மாற்றி மாட்டி அளந்து பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு வந்தது. அதாவது எது ஒசத்தி என்று தெரிந்தது. எது எது என்று மட்டும் தெரியவில்லை.

சத்தம் கேட்டு இனெஸ் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். நாற்காலியில் உட்காராமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, அந்த மார்க்க அழிச்சிட்டு மறுபடி பாரு."

"அழிக்க முடியாது இனெஸ்," என்றான் துவான். "சோதனை முடிஞ்ச உடனே தானாவே வெப்சைட்டுல ஏறிடும். நீதான அப்படி வைக்கச் சொன்ன? மனுஷக் கை படாம இருக்கணும்னு."

"ஏறிடுச்சா?"

"ஏறி, கீழ எழுபது பேரு சண்ட போட்டுட்டு இருக்காங்க."

"டேப்பப் பிரிச்சுப் பாத்துடலாமா?" என்றார் லோவெல்.

"பிரிச்சேன்னா உன் கைய முறிப்பேன்," என்றாள் இனெஸ். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. "வியாழக்கிழமை ஸ்ட்ரௌட் தணிக்கைக்கு வர்றாரு. அவரு முன்னாடி பிரிக்கணும். முன்னாலயே பிரிச்சா முத்திர போச்சு. அன்னிக்குப் பிரிச்சு நீ மாத்தி மாட்டினது தெரிஞ்சாலும் முத்திர போச்சு. லோவெல், எம் மூஞ்சப் பாத்துச் சொல்லு. நீ மாத்தினியா, இல்லையா?"

லோவெல் அவள் முகத்தைப் பார்த்தார். அடுப்பை அணைத்தோமா என்ற கேள்விக்கே முப்பது வருஷமாக விடை தெரியாத மனிதர் அவர்.

"தெரியல," என்றார்.

அன்று மதியத்திலிருந்தே கேபிள் பைத்தியங்களின் போன்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒஹையோவிலிருந்து ஒருவர் அழுதார்; தான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததை ஒரு லேப் ஒத்துக்கொண்டதே என்று ஆனந்தக் கண்ணீர். டெக்சஸிலிருந்து ஒருவர், நூற்றுக்கு நூற்றிரண்டு போடுகிற லேபின் கணக்கு வாத்தியாரைக் கூப்பிடு என்றார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு வழி தோன்றியது. ஜட்ஜ் வருஷக்கணக்காக இஞ்சி பிஸ்கட் டப்பாவில் படுத்திருக்கிறது. அந்த வாசனை எங்கே போய்விடும்? யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு கேபிளை மூக்கில் வைத்து நன்றாக இழுத்தார். இஞ்சி. மற்றதை இழுத்தார். அதுவும் இஞ்சி. மறுபடி முதலாவது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருக்கையில் பின்னால் செருமல் கேட்டது.

"சாப்பாடு கொண்டு வரலன்னா சொல்ல வேண்டியதுதானே," என்றான் துவான்.

"ரெண்டுலயும் இஞ்சி வாசம் வருதுடா!"

"வராம? வெள்ளிக்கிழமை கூரை ஒழுகுச்சு. வந்த கேபிள் நனையக் கூடாதேன்னு நான்தான் அந்த டப்பாலயே சேத்துப் போட்டு வச்சேன். திங்கக்கிழமை நீ வர்றதுக்கு முன்னாடிதான் வெளிய எடுத்தேன்."

"அடப்பாவி!"

"நல்லது பண்ணினா இப்படித்தான் பேரு."

புதன்கிழமை காலையில் லோவெல் நாள்காட்டியை இரண்டு தடவை பார்த்தார். மறுநாள் ஸ்ட்ரௌட் வருவார். இனெஸ் பதினைந்து வருஷம் கட்டியெழுப்பிய இடம், ஒரு கதவைப் பார்க்கப் போய்வந்த நேரத்தில் விழப்போகிறது. ஏதாவது ஒரு அத்தாட்சி வேண்டும் அவருக்கு, எதுவானாலும் சரி. தொண்ணூற்றெட்டு வாங்கியதை டப்பாவில் வைத்து மூடினார். நூற்றிரண்டு வாங்கியதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார். சோதனைக் கேபிளை லேபை விட்டு வெளியே கொண்டுபோவது பெரிய குற்றம். கேபிளால் படம் மாறாது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெருமுனையிலிருந்த "நனைந்த பூட்ஸ்" மதுக்கடைக்குப் போனார். தெரிந்த விஷயத்தையே திரும்பப் போய்ப் பார்ப்பதுதானே அவர் வழக்கம்.

கடைக்காரி ட்ரூடி எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், கடன் கேட்கிறவர்கள் உள்பட. அன்றைக்கு மேசைக்கு மேசை மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தாள், கடைக்கு ஒரு அழகுக்காக என்றாள். பீர் அவ்வளவு ஜில்லென்று இல்லை.

"என்ன கண்ணு, மரம் விழுந்துச்சா?"

"ட்ரூடி, உன் டிவில இந்தக் கேபிளக் கொஞ்சம் மாட்டிப் பாக்கட்டுமா? ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு நிமிஷமோ ரெண்டு வருஷமோ, அந்த வெண்டல் வாயடைச்சா சரி. காலையிலேருந்து வானிலையத் திட்டிட்டே இருக்கான்."

வெண்டல் என்பவர் கவுண்டர் ஓரத்தில் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற நாளிலிருந்து அங்கேயே ஓய்வெடுக்கிறவர். லோவெல் ஸ்டூல்மேல் ஏறி மாட்டினார். படம் வந்தது. வானிலை சொல்கிற பெண் வந்தாள். நாளைக்கு வெயில் அடிக்கும் என்றாள்.

"பொய் சொல்றா," என்றார் வெண்டல்.

"எப்படித் தெரியும்?" என்றார் லோவெல்.

"முதுகுக்குப் பின்னாடி விரலப் பின்னி வச்சிருக்கா, பாருங்க. பொய் சொல்றவங்க பாவம் ஒட்டாம இருக்க அப்படித்தான் பண்ணுவாங்க."

எல்லோரும் பார்த்தார்கள். உண்மைதான். அந்தப் பெண் நேருக்கு நேராக நிற்கிறாள். ஆனாலும் படத்தின் துல்லியத்தில் அவள் முதுகுப்பக்கமும், பின்னிய விரல்களும் பளிச்சென்று தெரிந்தன.

அடுத்து போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் மறு ஒளிபரப்பு. கடைசி நிமிஷத்தில் பந்தைக் கோட்டைவிட்டு ஊரையே அழவைத்தவன் அதே இடத்தில் ஓடிவந்தான். இந்தத் தடவை அவனுக்குப் பந்து நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், பிடித்துவிட்டான். கடையே எழுந்து கத்தியது. மறு ஒளிபரப்பில் ஜெயித்த முதல் அணி அதுதான்.

பிறகு மீன்பிடி நிகழ்ச்சி. ஒரு ஆறு, அதில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவன். கடைப் பூனை டீக்கன் கவுண்டர்மேல் ஏறித் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. எட்டி ஒரு தட்டுத் தட்டியது. பாதம் நனைந்திருந்தது. நக்கிப் பார்த்துவிட்டு இரண்டு காலாலும் துழாவ, ஒரு ட்ரௌட் மீன் கவுண்டரில் வந்து விழுந்து துள்ளியது.

ட்ரூடி பதற்றப்படவில்லை. மீனைப் பிடித்து, பீர் பாட்டிலை வைத்து அளந்தாள்.

"சின்னது. இந்த மாநிலத்துல எட்டு அங்குலத்துக்குக் கம்மியா இருந்தா திருப்பி விட்டுடணும்," என்று சொல்லித் திரைக்குள்ளேயே வீசினாள். அது நீந்திப்போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

கடையில் சிரிக்காதவர் லோவெல் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அதிசயமாகத் தெரிந்ததெல்லாம் அவருக்குப் புதுச் சந்தேகமாகத்தான் தெரிந்தது. ஜட்ஜ் இப்படியெல்லாம் செய்யாது என்று எப்படிச் சொல்வது? ஜட்ஜை மாட்டி இதுவரை யாரும் டிவி பார்த்ததே இல்லையே! அதற்கும் மேசைக்கும் டப்பாவுக்கும்தான் உறவு. பல வருஷமாக ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் மீன்பிடி ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்?

"கழட்டிக் குடு ட்ரூடி. நான் போகணும்."

"எதக் கழட்டுறது? எங்கப்பா செத்தன்னிக்குத்தான் இந்தக் கடைக்கு இவ்வளவு கூட்டம் வந்துச்சு. போ கண்ணு, நாளைக்கு வா."

"நாளைக்குத் தணிக்கை!"

"அவரையும் கூட்டிட்டு வா. பேக்கன் சாண்ட்விச் என் கணக்கு."

வெண்டலும் இன்னும் நான்கு பேரும் ஸ்டூலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். லோவெல் வெறுங்கோட்டோடு திரும்பினார். போகிற வழியெல்லாம், காணாமல் போனது ஜட்ஜா மற்றதா என்று தெரியாமலே ஒன்றைத் தொலைத்த முதல் மனிதன் தான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஸ்ட்ரௌட் வந்தார். விதிப்புத்தகத்தில் அனுமதி உள்ள இடங்களில் மட்டும் புன்னகைக்கிற மனிதர். கையுறையைக் கழற்றவில்லை. சட்டைப்பையில் ஓர் இரும்பு அடிக்கோல்.

"நூத்தி ரெண்டு வாங்கின கேபிள் எங்க?"

இனெஸ் லோவெலைப் பார்த்தாள். லோவெல் தரையைப் பார்த்தார். துவான் சிரிக்கவில்லை.

"மதுக்கடைல இருக்கு சார்," என்றார் லோவெல்.

இனெஸ் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தாள். "எங்க இருக்குன்ன?"

"டிவில மாட்டியிருக்கு."

"சோதனைப் பொருள் லேப விட்டு வெளிய போயிருக்கு," என்றார் ஸ்ட்ரௌட், மழை பெய்கிறது என்கிற குரலில். "அது ஒண்ணு. இன்னொண்ணு எங்க?"

லோவெல் டப்பாவை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் சேத்து வச்சுத்தான் பிரிப்பேன்."

நான்கு பேரும் தெருவில் நடந்தார்கள். டப்பாவுக்குள் கேபிள் உருள்கிற சத்தம் மட்டும் கேட்டது. லோவெலுக்கு அது தன் நெஞ்சுக்குள் உருள்வதாகத் தோன்றியது. பாதி வழியில் மேகம் விலகி வெயில் அடித்தது. இந்தக் கதையில் நம்புவதற்குக் கஷ்டமான இடம் இதுதான் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். விரலைப் பின்னிக்கொண்டு சொன்ன பொய்கூட அந்தக் கேபிள் வழியாக வந்ததால் பலித்துவிட்டது.

"நனைந்த பூட்ஸ்" நிரம்பி வழிந்தது. மீன்பிடி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

"கேபிளக் கழட்டுங்க," என்றார் ஸ்ட்ரௌட்.

"வெளம்பரம் வரட்டும் கண்ணு," என்றாள் ட்ரூடி. "நீங்க ஒக்காருங்க."

ஸ்ட்ரௌட்டை அவர் பிறந்ததிலிருந்து யாரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் டீக்கன் திரைக்குள் காலை விட்டுத் துழாவி, ஒரு மீனை அவர் எதிரே இருந்த தட்டிலேயே கொண்டுவந்து போட்டது.

ஸ்ட்ரௌட் மீனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். அடிக்கோலை எடுத்து, வாலை நேராக நீட்டி அளந்தார்.

"ஒம்போது அங்குலம். வச்சுக்கலாம்." பிறகு ட்ரூடியைப் பார்த்தார். "மீன்பிடி உரிமம் இருக்கா?"

"டிவில பிடிக்கிறதுக்கு உரிமம் எதுக்கு கண்ணு?"

அவர் வெகுநேரம் யோசித்தார். விதிப்புத்தகத்தின் பக்கங்கள் அவருடைய கண்களுக்குப் பின்னால் புரள்வது தெரிந்தது. இதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. "எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றார்.

ட்ரூடி காஸ் அடுப்பில் வாட்டிக் கொடுத்தாள். அவர் அப்போதுதான் கையுறையைக் கழற்றினார்; முள்ளை மட்டும் ஓரமாக அடுக்கிவிட்டு, முழுசும் சாப்பிட்டார். லோவெல் எதிரே நின்று ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கொண்டிருந்தார். தூக்குப்போடுகிறவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

விளம்பரம் வந்தது. ஸ்ட்ரௌட் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டப்பாவத் தெறங்க. மொதல்ல இதப் பிரிப்போம். இதுல நூறுன்னு இருந்தா இது ஜட்ஜு, டிவில இருக்கறது வந்த கேபிள், மார்க் சரி. நூறு இல்லன்னா..." இனெஸ் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பேனாக்கத்தியால் டேப்பின் ஓரத்தை நெம்பினார். சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். டேப் முழுசும் வந்தது.

அடியில் இன்னொரு டேப்.

"இது என்ன?"

"மொத டேப் பிரிஞ்சிடுமோன்னு..." என்றார் லோவெல்.

இரண்டாவதையும் பிரித்தார். அடியில் இன்னொன்று.

"இது?"

"ரெண்டாவதும் பிரிஞ்சிடுமோன்னு."

"யப்பா, நீ பொறந்தப்போ ஒனக்கு எத்தன டயப்பர் கட்டினாங்க?" என்றார் வெண்டல். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் துவானின் முகம் சட்டென்று மலர்ந்தது. இருமல் வந்தவன் போல வாயைப் பொத்திக்கொண்டான்.

"இனெஸ்," என்று கிசுகிசுத்தான், "வர்ற கேபிளுக்கெல்லாம் டேப் சுத்துறது நானு. ஒரே சுத்துதான். மூணு சுத்துச் சுத்துற ஆளு ஒருத்தன்தான் இருக்கான்."

மூன்றாவது டேப் வந்தது. ஸ்ட்ரௌட் மெழுகுவத்தியை நெருக்கிப் பிடித்துக் குனிந்தார். லோவெலும் குனிந்தார். உலோகத்தில் இனெஸின் கோணல் எழுத்தில் "100" என்று இருந்தது.

லோவெல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இனெஸ் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்; அது அடியா ஆசீர்வாதமா என்று கடைசிவரை தெரியவில்லை. துவான் மூன்று நாள் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்துத் தீர்த்தான்.

"முத்திர இருக்கும்," என்றார் ஸ்ட்ரௌட். "சோதனைப் பொருள வெளிய கொண்டுபோனதுக்கு ஒரு கண்டிப்பு. இன்னொண்ணு, தொண்ணூத்தெட்டு வாங்கின ஒண்ணு இனிமே ஜட்ஜா இருக்க முடியாது. டிவில இருக்கறதுதான் இனிமே ஜட்ஜு. தெனம் காலையில அத வச்சுத்தான் கருவிய சரிபாக்கணும்." விதிப்புத்தகம் அனுமதிக்கிற இடம் வந்திருக்க வேண்டும், லேசாகப் புன்னகைத்தார். "அடுத்த வருஷமும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே வர்றேன்."

ட்ரூடி கேபிளைக் கொடுக்கச் சம்மதித்தாள், விளம்பர நேரத்துக்கு மட்டும். அன்றிலிருந்து அந்த லேபின் அளவுகளெல்லாம் சோப்பு விளம்பரத்துக்கும் கார் விளம்பரத்துக்கும் நடுவில் எடுக்கப்பட்டவை. லோவெல் ஈரக் கேபிளைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு தெருவில் ஓடுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அன்று லேபுக்குத் திரும்புகிற வழியில் அவர் நின்றார். வழக்கம்போல, ஏறிட்டும் பார்க்காமல், ஃபிர் மரத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"அது விழும்," என்றார்.

"இவ்வளவு நடந்ததுக்கப்புறமும் ஒனக்கு அந்த மரந்தானா?" என்றான் துவான். "ஒரு நாளாச்சும் நிம்மதியா இரு மனுஷா. நீ பயப்படுறது எதுவுமே நடக்காது."

அந்த மரம் இதெல்லாம் தொடங்குவதற்கு முந்தின நாளே, ஞாயிற்றுக்கிழமைப் பேய்க்காற்றிலேயே, கம்பிகள்மேல் விழுந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமைவரை அந்தத் தெருவில் லேப், மதுக்கடை உட்பட ஒரு கட்டடத்துக்கும் மின்சாரம் கிடையாது.